பட்டியலில் இல்லாத ரத்த அழுத்தம்

கப்பல் கட்டும் தளமோ, கொதிகலன் நிறுவும் இடமோ, உயரத்தில் ஏறி வேலை செய்ய வருபவருக்கு முதலில் 'ஹைட் பாஸ்' வேண்டும். முதலுதவி அறையில் கையில் பட்டையைச் சுற்றி பிபி பார்ப்பார்கள். அளவு கூடுதலாக இருந்தால் அன்றைக்குச் சாரத்தில் ஏற முடியாது. தினக்கூலிக்கு வந்தவருக்கு அது கூலி போன நாள். தலைசுற்றி விழுந்து யாரும் சாகக் கூடாது என்பதற்காக வந்த விதி இது. அந்த அளவில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நாற்பது வயது வெல்டர் ஒருவருக்கு 160/100 என்று கருவி காட்டிவிட்டது என்றால், அந்த எண்ணுக்கு அதன்பிறகு என்ன ஆகிறது? பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. அடுத்த நாள் தெரிந்தவரிடம் ஒரு மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு வருவார், அல்லது பிபி பார்க்காத மேஸ்திரியிடம் வேலைக்குப் போவார். பத்து ஆண்டு கழித்துப் பக்கவாதத்தையோ சிறுநீரகச் செயலிழப்பையோ தடுத்திருக்கக்கூடிய தகவல், ஒரு காலைப் பொழுது மட்டும் பயன்பட்டுவிட்டுத் தொலைந்துபோகிறது. வேலைத்தலத்தின் வழியாக நாட்பட்ட நோய்களைத் தடுக்க முடியுமா என்ற கேள்விக்கு இந்த அத்தியாயம் 'முடியும்' என்றே பதில் சொல்லப் போகிறது. ஆனால் இரண்டு நிபந்தனைகள் உண்டு. தொழிலாளிக்குப் புத்தி சொல்வதோடு நிற்காமல், வேலையின் நேரத்திலும் சாப்பாட்டிலும் வெயிலிலும் கை வைக்க வேண்டும். வேலைத்தலம் என்றால் சுற்றுச்சுவருக்கு உள்ளே இருப்பது மட்டும்தான் என்ற எண்ணத்தையும் விட வேண்டும்.

இதைச் சோதித்துப் பார்க்க, சென்னைக்கு வடக்கே உள்ள காட்டுப்பள்ளியைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது கடினம். ஒரு பக்கம் வங்கக் கடல். மறுபக்கம் பக்கிங்ஹாம் கால்வாய். தெற்கே கொசஸ்தலையாறு கடலில் சேரும் எண்ணூர் முகத்துவாரம். வடக்கே பழவேற்காடு ஏரி. இந்த ஒடுங்கிய நிலத்திலும் இதை ஒட்டியும் முப்பது ஆண்டுக்குள் வந்தவற்றைப் பாருங்கள்: 1990-களில் வடசென்னை அனல்மின் நிலையம், 2001-இல் எண்ணூர் துறைமுகம், 2010-இல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை, 2012-இலிருந்து வல்லூர் அனல்மின் நிலையம், அதே ஆண்டுகளில் கப்பல் கட்டும் தளமும் காட்டுப்பள்ளித் துறைமுகமும். துறைமுகம் எல் அண்ட் டி-யிடமிருந்து 2018-இல் அதானி குழுமத்தின் கைக்குப் போனது. காட்டுப்பள்ளிக் குப்பத்து மக்கள் கப்பல் தளத்துக்கும் துறைமுகத்துக்குமாக இடம் பெயர்ந்தார்கள். இன்று இந்தப் பகுதியில் ஒரே குடும்பத்தில் அப்பா ஏரியில் இறால் வலை போடுவார், மகன் கான்ட்ராக்டில் ஷிப்டுக்குப் போவார், அம்மா கூடை சுமந்து மீன் விற்பார். மூவருக்கும் ஒரே சமையலறை, ஒரே காற்று. சட்டத்தின் கண்ணில் மட்டும் மகன் ஒருவர்தான் தொழிலாளி, அதுவும் ஒப்பந்தக்காரரின் மஸ்டர் ரோலில் பெயர் இருக்கும் வரைக்கும்.

நோயின் அளவைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் 2020-இல் நடந்த 'ஸ்டெப்ஸ்' ஆய்வு, வயது வந்தோரில் 33.9 விழுக்காட்டினருக்கு உயர் ரத்த அழுத்தமும் 17.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவும் இருப்பதாகக் கண்டது. இந்த எண்களைப் பத்திரிகைகள் பலமுறை எழுதிவிட்டன. அதிகம் பேசப்படாத எண் வேறு: ரத்த அழுத்தம் உள்ளவர்களில் அது கட்டுக்குள் இருந்தவர்கள் 7.3 விழுக்காடு, நீரிழிவு உள்ளவர்களில் 10.8. நூறு பேருக்கு பிபி என்றால் தொண்ணூற்று மூன்று பேரின் ரத்தக்குழாய்கள் நாள்தோறும் அடி வாங்கிக்கொண்டிருந்தன என்று பொருள். இதற்கான மாத்திரைகளோ உலகின் மிக மலிவான மருந்துகளில் சேர்த்தி. ரத்த அழுத்தத்தின் மேல் அளவு 5 புள்ளி குறைந்தாலே பெரிய இதய, மூளை ரத்தக்குழாய்ப் பாதிப்புகள் ஏறத்தாழ 10 விழுக்காடு குறைகின்றன என்று பல சோதனைகளைத் தொகுத்து 2021-இல் 'லான்செட்' இதழில் வந்த கணக்கு காட்டியது. அறிவும் இருக்கிறது, மருந்தும் இருக்கிறது. இரண்டும் ஆளைப் போய்ச் சேரவில்லை. ஏன் சேரவில்லை என்றால், பெருமளவு நேரம்தான் காரணம். முப்பது முதல் ஐம்பத்தைந்து வயது வரை, இந்த நோய்கள் சத்தமின்றி உருவாகும் ஆண்டுகளில், மனிதன் விழித்திருக்கும் பொழுதில் பாதிக்கு மேல் வேலையில் போகிறது. புறநோயாளிப் பிரிவு திறந்திருக்கும் நேரமும் அதுவே.

2021 ஆகஸ்ட் 5 அன்று தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இந்த முடிச்சின் ஒரு நுனியை அவிழ்த்தது. வீட்டுக்கே போய் பிபி, சர்க்கரை பார்த்து மாத்திரையும் கொடுப்பது சிறிய காரியமில்லை, 2024-இல் ஐ.நா.வின் விருதும் அதற்குக் கிடைத்தது. ஆனால் பகலில் கதவைத் தட்டினால் கதவைத் திறப்பவர்கள் யார்? வயதானவர்களும் வீட்டில் இருக்கும் பெண்களும். வேலைக்குப் போன மகன் கிடைக்க மாட்டார். இரவெல்லாம் ஏரியில் கிடந்து விடியலில் வந்து படுத்தவரை யாரும் எழுப்ப மாட்டார்கள். இதே திட்டம் 2024-இன் தொடக்கத்தில் தொழிற்சாலைகளுக்குள்ளும் நீட்டப்பட்டதற்கு இதுவே நியாயம். அதற்குப் பிறகு, 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், நாற்பது வயது கடந்த தொழிலாளர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை இலவச உடல் பரிசோதனை என்கின்றன. சோதனை நடப்பது நல்லதுதான். சோதனையோடு கதை முடிந்துவிடும் என்றால், ஹைட் பாஸ் அறையில் நடப்பதை ஆண்டுக்கு ஒருமுறை பெரிய அளவில் நடத்துகிறோம், அவ்வளவே.

வேலைத்தலத்தில் தொடங்கி நோயைத் தள்ளிப்போட முடியும் என்பதற்கு வலுவான சான்றுகளில் சில சென்னையிலிருந்தே வந்தவை. மருத்துவர் அ. ராமச்சந்திரனின் குழு 2006-இல் வெளியிட்ட 'இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்ட' ஆய்வில் பங்கேற்றவர்கள் பெரும்பாலும் நிறுவனங்களில் வேலை பார்த்த நடுத்தர வர்க்கத்தவர். நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேரை நான்கு குழுவாகப் பிரித்தார்கள். எதுவும் செய்யாத குழுவில் மூன்று ஆண்டில் 55 விழுக்காட்டினர் நீரிழிவுக்குள் போனார்கள். உணவையும் நடையையும் மாற்ற உதவி பெற்ற குழுவில் அது 39.3 ஆக நின்றது. மெட்ஃபார்மின் மாத்திரை பெற்றவர்களிடமும், இரண்டையும் சேர்த்துப் பெற்றவர்களிடமும் ஏறத்தாழ அதே அளவு. அதே குழு 2013-இல் இன்னும் எளிய ஒன்றைச் செய்து பார்த்தது. வேலை பார்க்கும் 537 ஆண்களில் ஒரு பாதியினருக்குக் கைப்பேசிக்குக் குறுஞ்செய்திகள் மட்டும் தொடர்ந்து போயின. இரண்டு ஆண்டில் நீரிழிவு வந்தவர்கள் அங்கே 18 விழுக்காடு, மற்ற பாதியில் 27. இந்தியத் தொழிலகங்கள் சிலவற்றில் நடந்து 2009-இல் வெளியான மற்றோர் ஆய்விலும், தலையீடு நடந்த இடங்களில் இடுப்புச் சுற்றளவும் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் இறங்கின. ஆகவே வேலைத்தலம் வெறும் கூட்டம் கூடும் இடமாக மட்டும் பயன்பட்டாலும் பலன் உண்டு. ஒரே ஆட்கள் ஒவ்வொரு நாளும் அதே இடத்துக்கு வருகிறார்கள், ஆண்டுக்கணக்கில் வருகிறார்கள். தொடர்ந்து கவனிக்க வேண்டிய நோய்க்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

இங்கே ஒரு வலுவான மறுப்பு உண்டு, அதை ஒதுக்கிவிட்டுப் போவது நேர்மையாகாது. அமெரிக்காவில் 'வெல்னஸ்' திட்டங்கள் ஒரு பெரிய வணிகமாகவே நடந்தன. பணியாளர் நலம் பெறுவார், நிறுவனத்துக்கும் செலவு குறையும் என்று விற்பனை நடந்தது. பிறகு 2019-இல் இரண்டு பெரிய சோதனைகளின் முடிவுகள் வந்தன. ஒரு பெரிய சில்லறை விற்பனை நிறுவனத்தின் 160 கிளைகளில் ஏறத்தாழ 33,000 பணியாளர்களிடம் நடந்த ஆய்வில், நல்ல பழக்கங்கள் கூடியிருப்பதாக அவர்களே சொன்னார்கள். ஆனால் ரத்த அழுத்தம், கொழுப்பு, எடை, மருத்துவச் செலவு எதிலும் வேறுபாடு இல்லை. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் நடந்ததும் கிட்டத்தட்ட அதே முடிவைத் தந்தது. முந்தைய ஆய்வுகள் ஏன் ஏமாந்தன என்பதையும் அது காட்டியது. இத்தகைய திட்டங்களில் முன்வந்து சேர்பவர்கள் ஏற்கெனவே உடம்பைப் பேணுபவர்கள்; அவர்களைச் சேராதவர்களோடு ஒப்பிட்டால் திட்டம் வெற்றி பெற்றதுபோல் தெரியத்தான் செய்யும். இந்தப் பாடத்தை நாம் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்: அறிவுரையும் சுவரொட்டியும் யோகா தினமும் போதாது. ஆனால் 'வேலைத்தலத்தால் பயனில்லை' என்ற முடிவுக்கு இதிலிருந்து தாவ முடியாது. அந்தப் பணியாளர்களில் பலருக்கு மருத்துவக் காப்பீடும் எட்டும் தூரத்தில் மருத்துவரும் இருந்தார்கள். திட்டம் மேலதிகமாகத் தந்தது கொஞ்சம் போதனை. நம்மிடம் 2020-இல் பிபி உள்ள நூறு பேரில் தொண்ணூற்று மூன்று பேருக்கு அது கட்டுக்குள் இல்லை. குடிக்கத் தண்ணீர் உள்ள வீட்டில் இன்னொரு குழாய் போடுவதும், தண்ணீரே இல்லாத தெருவில் முதல் குழாய் போடுவதும் ஒன்றாகுமா?

போதனையைவிட அடுப்பை மாற்றுவது பலன் தரும் என்பதற்கு 2023-இல் சீனாவிலிருந்து ஒரு தெளிவான சான்று வந்தது. முதியோர் இல்லங்கள் 48-இல் சோதித்தார்கள். சில இல்லங்களின் சமையலறைகளில் சாதா உப்புக்குப் பதில் பொட்டாசியம் கலந்த உப்பைக் கொடுத்தார்கள். சில இல்லங்களில் உப்பின் அளவைப் படிப்படியாகக் குறைக்கச் சொன்னார்கள். மாற்று உப்பு வந்த இடங்களில் மேல் அளவு சராசரியாக 7 புள்ளி இறங்கியது. குறைக்கச் சொன்ன இடங்களில் சொல்லும்படி எதுவும் நடக்கவில்லை. சாப்பிடுபவர் யாரும் எந்த முடிவும் எடுக்க வேண்டியிருக்கவில்லை. இந்தியத் தொழிற்சாலைச் சட்டம் 1948-லேயே 250 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் கேன்டீன் கட்டாயம் என்றது. எழுபத்தைந்து ஆண்டாக அதை நாம் மலிவு விலைச் சாப்பாட்டுக் கூடமாக மட்டும் பார்த்துவந்திருக்கிறோம். ஆனால் காட்டுப்பள்ளியில் இந்தச் சீன வழியை அப்படியே இறக்குமதி செய்வது ஆபத்து. வெயிலில் உழைப்பவரின் சிறுநீரகம் ஏற்கெனவே தளர்ந்திருக்கக்கூடும். தளர்ந்த சிறுநீரகத்தால் பொட்டாசியத்தைச் சரிவர வெளியேற்ற முடியாது. இங்கே முதல் வேலை ஊறுகாயையும் அப்பளத்தையும் ஒவ்வொரு தட்டிலும் வைக்கும் பழக்கத்தை விடுவது, சோற்றின் மேட்டைக் குறைத்துப் பருப்பையும் காயையும் கூட்டுவது, இரவு ஷிப்டுக்குப் பரோட்டாவைத் தவிர வேறு ஏதாவது கிடைக்கச் செய்வது. 'வியர்வையில் உப்புப் போகிறதே, உப்பைக் குறைத்தால் மயங்கி விழமாட்டார்களா?' என்று சூப்பர்வைசர்கள் கேட்பது நியாயமான கேள்வி. கடும் வெயிலில் இழப்பதை அந்த நேரத்திலேயே உப்பு-சர்க்கரைக் கரைசலாகவோ மோராகவோ கொடுத்து ஈடுகட்டலாம். அதைக் காரணம் காட்டி, நிழலில் கணக்கெழுதுபவர் முதல் கிரேன் ஓட்டுபவர் வரை எல்லோரும் நாள்தோறும் தேவைக்கு இரண்டு மடங்கு உப்புத் தின்ன வேண்டியதில்லை.

வெயிலைப் பற்றி இன்னும் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் நாட்பட்ட நோய் என்றதும் நம் மனம் கொழுப்புக்கும் சோம்பலுக்கும் போகிறதே தவிர வெயிலுக்குப் போவதில்லை. சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தைச் சேர்ந்த வித்யா வேணுகோபாலின் குழு தமிழ்நாட்டு உப்பளங்களில் 352 தொழிலாளர்களை ஆராய்ந்தபோது, மிகப் பெரும்பாலோர் பாதுகாப்பான வரம்பைத் தாண்டிய வெப்பத்தில் வேலை செய்தார்கள். நூற்றுக்கு ஏழு பேருக்குச் சிறுநீரகச் செயல்திறன் குறைந்திருந்தது. கழிப்பறை இல்லாத இடத்தில் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வார்கள் என்பதையும் இதோடு சேர்த்து யோசிக்க வேண்டும். அங்கே கழிப்பறை கட்டுவது சிறுநீரக நோய்த் தடுப்பு. நிகராகுவாவின் கரும்புத் தோட்டங்களில் இளம் ஆண்கள் சிறுநீரகம் கெட்டுச் செத்துக்கொண்டிருந்தார்கள். வேலைக்கு நடுவே கட்டாய ஓய்வு, நடமாடும் நிழல் கூடாரம், போதிய தண்ணீர் என்று முறை வைத்த பிறகு சிறுநீரகப் பாதிப்பு குறைந்தது. மருந்து எதுவும் இல்லை. வேலையின் ஒழுங்கு மாறியது. இரும்புத் தகட்டால் ஆன கப்பலின் உட்புறம் வைகாசி மதியத்தில் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அங்கே வெல்டிங் புகையும் சேர்ந்துகொள்கிறது. அந்தப் புகை மனிதரில் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2017-இல் உறுதியான வகையில் சேர்த்தது. புகையை உறிஞ்சும் குழாய் இல்லாத இடத்தில் 'புகைபிடிக்காதீர்' என்ற சுவரொட்டியை ஒட்டுவதில் ஒரு குரூரமான நகைச்சுவை இருக்கிறது.

வேலை நேரமும் அப்படித்தான். வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாதம் வரும் வாய்ப்பு 35 விழுக்காடும், இதயநோயால் சாகும் வாய்ப்பு 17 விழுக்காடும் கூடுதல் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் கணக்கிட்டன. பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், வாரத்துக்கு ஆறு நாள் என்றால் 72 மணி நேரம். போய்வரும் நேரம் தனி. 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்புக்குப் பின் மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டது. வாரத்துக்கு 48 மணி என்ற வரம்பு மாறாது என்பது அப்போது அரசு தரப்பு சொன்ன வாதம். தாளில் அது சரி. ஓ.டி. இல்லாமல் குடும்பம் ஓடாத கூலியில், தாளில் உள்ள வரம்பு யாரையும் காப்பாற்றாது. அந்த விவாதம் முழுவதும் உரிமை, உற்பத்தி என்ற இரண்டு சொற்களிலேயே நடந்து முடிந்தது. பக்கவாதம் என்ற சொல் அதில் வந்திருக்க வேண்டும். இதே சட்டமன்றம்தான் 2021-இல் கடைகளில் வேலை செய்வோருக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டம் இயற்றியது. ஒரு ஸ்டூலும் நோய்த்தடுப்புக் கருவி என்று புரிந்துகொண்ட அவைக்கு நேரமும் புரியாமல் போகாது.

இனி சுவருக்கு வெளியே போவோம். 'மீனவருக்கு எதற்கு இதெல்லாம்? நாள் முழுக்க உடம்பால் உழைக்கிறார்கள், மீன் சாப்பிடுகிறார்கள்' என்பது நகரத்தில் அடிக்கடி கேட்கும் வாதம். அதற்கு அறிவியலில் ஒரு பழைய அடிப்படையும் உண்டு. 1953-இல் ஜெர்ரி மோரிஸ், லண்டன் மாடிப் பேருந்துகளில் உட்கார்ந்தே ஓட்டும் ஓட்டுநர்களைவிட, படியேறி இறங்கும் நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவு என்று காட்டினார். உடலுழைப்பு இதயத்தைக் காக்கும் என்ற கருத்து அங்கே வேர்பிடித்தது. ஆனால் கோபன்ஹேகனில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோரைப் பின்தொடர்ந்த ஆய்வின் முடிவு 2021-இல் வந்தபோது படம் சிக்கலானது: ஓய்வு நேரத்தில் ஓடியாடியவர்களுக்கு இதயநோய் குறைந்தது; வேலையில் கடுமையாக உழைத்தவர்களுக்குக் கூடியது. காரணம் ஓரளவு விளங்குகிறது. மனம்போல் நடக்கும்போது இதயம் கொஞ்ச நேரம் வேகமாக அடித்துவிட்டு ஓய்வெடுக்கிறது. எடை தூக்கும்போதும், ஒரே நிலையில் தசையை இறுக்கி நிற்கும்போதும் ரத்த அழுத்தம் ஏறுகிறது. மணிக்கணக்கில் ஏறியே நிற்கிறது. இறங்குவதற்குள் அடுத்த நாள் வேலை தொடங்கிவிடுகிறது. வலை இழுப்பது நடத்துநரின் படியேற்றத்தோடு சேராது, இரண்டாவது வகையோடுதான் சேரும். கூடவே இரவு விழிப்பு, கருவாட்டின் உப்பு, கையில் காசு இருக்கும் நாளும் இல்லாத நாளும் மாறிமாறி வரும் பதற்றம். முகத்துவாரம் மணலால் அடைபட்டால் ஏரியின் நீர் மாறும், இறால் வரத்துக் குறையும். அப்போது உழைப்பும் நின்று வருமானமும் நிற்கும். ஏரிக்கு நேர்வதெல்லாம் நோயியல் கணக்கில் சேர வேண்டியவை என்பதே என் வாதம்.

தொழிற்சாலைக்குள் எடுக்கும் கணக்கு ஒருபோதும் இந்தப் பகுதியின் முழுக் கணக்காகாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆய்வாளர்கள் நெடுங்காலமாக அறிந்த ஒரு மயக்கம் இது: வேலையில் இருப்பவர்களை மட்டும் அளந்தால், ஊரைவிட அவர்கள் நலமாக இருப்பதாகத் தெரியும். நலமாக இல்லாதவரை வேலைக்கு எடுக்கவில்லை, அல்லது நோய் வந்ததும் அவர் போய்விட்டார். ஒப்பந்தத் தொழிலாளர் விஷயத்தில் இந்த வடிகட்டல் இன்னும் வேகம். சர்க்கரை கூடி, கால் புண்ணாகி ஒருவர் இரண்டு வாரம் வரவில்லை என்றால் அவர் பெயர் பதிவேட்டிலிருந்து போய்விடும், புள்ளிவிவரம் மேம்பட்டுவிடும், அவர் குப்பத்துக்குத் திரும்பியிருப்பார். பரிசோதனை முடிவு ஒப்பந்தக்காரர் கைக்குப் போகும் வரை இது மாறாது, தொழிலாளியும் உண்மையைச் சொல்ல மாட்டார். தகுதிச் சான்று தரும் அறையும் சிகிச்சை தரும் அறையும் வேறுவேறாக இருக்க வேண்டும். பின்னதன் பதிவேடு அரசு சுகாதாரத் துறையிடம், ஆளின் பெயரில், அவர் எந்த ஒப்பந்தக்காரரிடம் போனாலும், ஏரிக்கே திரும்பினாலும், கூடவே போகும்படி இருக்க வேண்டும். இதில் தொழில்நுட்பச் சிக்கல் எதுவும் இல்லை. அதிகாரச் சிக்கல்தான் உண்டு.

ஏரியில் வேலை செய்பவருக்கு மேலாளர் கிடையாது, கேட் கிடையாது, அங்கே எப்படி இது நடக்கும் என்ற கேள்விக்கு ஒரு விடை எதிர்பாராத திசையிலிருந்து கிடைக்கிறது. லாஸ் ஏஞ்சலிஸில் கறுப்பின ஆண்கள் மருத்துவமனைப் பக்கம் வருவதில்லை, ஆனால் முடிதிருத்தகத்துக்குத் தவறாமல் வருகிறார்கள் என்று கண்ட மருத்துவர்கள், 52 முடிதிருத்தகங்களுக்கு மருந்தாளுநர்களை அனுப்பினார்கள். பிபி உயர்ந்திருந்த 319 பேரில், கடையிலேயே மருந்து பெற்றவர்களுக்கு ஆறு மாதத்தில் மேல் அளவு 27 புள்ளி இறங்கியது. முடிதிருத்துபவரின் அறிவுரை மட்டும் பெற்றவர்களுக்கு 9 புள்ளி. மருந்தும் அதைச் சரிசெய்யும் ஆளும் நேரில் வந்ததே வேறுபாடு. பழவேற்காட்டுப் பகுதியின் குப்பங்களில் இதைவிட நல்ல வாய்ப்பு உண்டு. இங்கே மீன் ஏலம் போகும் இடத்துக்கு நாள்தோறும் எல்லோரும் வந்தே ஆக வேண்டும். பட்டியலும் இருக்கிறது. ஏரியில் இறால் வலை நடும் இடங்களைச் சீட்டுப் போட்டு முறை வைத்துப் பகிரும் 'பாடு' வழக்கத்துக்காக, யார் யார் உரிமை உள்ள தலைக்கட்டு என்று ஊர்ப் பஞ்சாயத்து கணக்கு வைத்திருக்கிறது. எந்த மஸ்டர் ரோலையும்விட ஒழுங்கான கணக்கு அது. ஏனென்றால் அதில் விடுபட்டால் பிழைப்பே போகும். முறை இல்லாத நாளில் வலை பின்னிக்கொண்டு கரையில் இருப்பார்கள் என்பதும் முன்கூட்டியே தெரியும். மாத மாத்திரையை அந்த நாளோடு கோர்ப்பதற்கு ஊர்ப் பெரியவர்கள் சம்மதித்தால் போதும்.

'நோயைத் தருவது நிலக்கரித் தூசியும் சாம்பலும். அதை விட்டுவிட்டு மீனவனின் பிபியைப் பார்க்க வருகிறீர்களா?' என்று ஊர்க்கூட்டத்தில் யாராவது கேட்டால் அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. நுண்தூசி இதயத்தையும் நுரையீரலையும் தாக்குவது ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்ட ஒன்று. எண்ணூர்ப் பகுதியின் நீர்நிலைகளில் சாம்பல் படிந்தது பசுமைத் தீர்ப்பாயம் வரை போன வழக்கு. மாத்திரை கொடுப்பது புகைபோக்கிக்கு மன்னிப்புக் கொடுப்பதாக ஆகிவிடக் கூடாது. நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியில் நடக்கும் மருத்துவ முகாம்களைப் பற்றிய சந்தேகமும் இதனால்தான் எழுகிறது. ஆனால் ஒன்றைக் காரணம் காட்டி மற்றதை நிறுத்திவைப்பதால் இழப்பு யாருக்கு? காற்று சுத்தமாகும் வரை காத்திருக்க முடியாத வயதில் பலர் இருக்கிறார்கள். அதோடு, ஆள்வாரியாக, ஆண்டுவாரியாக நுரையீரலையும் ரத்த அழுத்தத்தையும் அளந்து வைத்த பொதுப் பதிவேடு ஒன்று ஊரின் கையில் இருந்தால், அடுத்த முறை சுற்றுச்சூழல் அனுமதிக்கான கருத்துக்கேட்பில் பேச வருபவருக்கு அதைவிட வலுவான ஆவணம் இருக்காது. காட்டுப்பள்ளித் துறைமுகத்தின் 6,111 ஏக்கர் விரிவாக்கத் திட்டத்தைப் பற்றிய பேச்சு இன்னும் முடியவில்லை.

தலைக்கட்டுப் பட்டியலிலும் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. அது ஆண்களின் பட்டியல். மீன் விற்கும் பெண்கள் அதில் இல்லை, ஆனால் மீனவ மகளிர் சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் பலர் பெயர் உண்டு. அதைக்கொண்டு அவர்களை எட்டலாம். எந்தப் பட்டியலிலும் எளிதில் அகப்படாதவர்கள் ஓடைகளிலும் உப்பங்கழியிலும் கையால் இறால் தடவும் இருளர் பெண்கள். பனையோலைப் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, இடுப்பளவு நீரில் குனிந்து, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி, அகப்பட்ட இறாலைப் பறிக்குள் போட்டுக்கொண்டே மணிக்கணக்கில் நகர்வார்கள். வெயில் முதுகில், குடிக்கத் தண்ணீர் கரையில். சிறுநீரகத்துக்கும் மூட்டுக்கும் இதைவிடக் கடுமையான வேலைத்தலம் அந்தப் பகுதியில் வேறு இல்லை. நாளில் ஒருமுறை அவர்கள் எல்லோரும் வந்து நிற்கும் இடமும் ஒன்று உண்டு: இறாலை எடை போட்டு வாங்கும் வியாபாரியின் தராசு. எப்போது வருவார்கள் என்பது நீரேற்ற வற்றத்தைப் பொறுத்தது. சில நாள் விடியலில், சில நாள் பிற்பகலில். துணை சுகாதார நிலையத்துச் செவிலியர் பிபி கருவியோடும் மாத்திரைப் பையோடும் அந்த நேரத்துக்கு அங்கே இருக்க வேண்டுமென்றால், அவருடைய பணிநேர அட்டவணையைக் கடலின் அட்டவணையோடு பொருத்தி எழுத மாவட்டச் சுகாதார அலுவலகம் ஒரு சுற்றறிக்கை அனுப்ப வேண்டும், போய்வர வண்டிப்படியும் தர வேண்டும்.